வீட்டோட வந்த மகசின்

மருமகன்,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பின வீடியோவைக் கண்ணாடி போட்டுப் பாத்தன். கனடாவில் வகுப்புக்குப் போய், சோதினை எழுதி, லைசன்ஸ் எடுத்து, பழைய திரீ நோட் திரீ துவக்கொண்டு வாங்கிப்போட்டாயாம். வாற சீசனுக்கு மான் வேட்டையாம். கேள்விப்பட்ட நேரத்திலயிருந்து கொம்மா கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு நேத்தி வைச்சுக்கொண்டிருக்கிறா. உனக்காகவா, மானுக்காகவா எண்டு நான் கேக்கல்ல. சின்னனில் நீ ஓணானுக்கு எறிஞ்ச கல்லு வாத்தியாரின்ட சைக்கிளில் பட்ட கதை ஊருக்கே தெரியும். அதனால மானைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்ல.

இஞ்ச படுவான்கரையில் வயலுக்கு யானை இறங்கினா நாங்கள் யானை வெடி கொளுத்திப்போட்டு, தகரம் தட்டி, தொண்டை கிழியக் கத்துறம். நீ அங்க ஒரு மானுக்கு உலக யுத்தத் துவக்கு வாங்கியிருக்கிறாய். வசதி வந்தா இப்பிடித்தான்.

சரி, விசயத்துக்கு வாறன். வீடியோவில் நீ கறுப்புப் பளபளப்பில் ஒரு புது மகசினைச் சொருகுறாய். டிக் எண்டு பூட்டுது. உன்ட முகத்தில் ஒரு சிரிப்பு. போல்ட்டைத் தள்ளுறாய், அது தோட்டாவுக்கு மேலால வழுக்கிப்போய் வெறும் அறையைப் பூட்டுது. சிரிப்பு கொஞ்சம் குறையுது. மறுகா தள்ளுறாய், தோட்டா மூக்கைக் கீழ குத்திக்கொண்டு குறுக்கால நிக்குது. அடுத்த முறை மகசினே கழண்டு காலடியில் விழுது. அதுக்குப் பிறகு கமராவைப் பாத்து, “மாமா, துவக்கில மகசினைப் பிடிக்கிற கொளுவியைக் கொஞ்சம் அராவிவிடட்டா?” எண்டு கேக்கிறாய்.

அரத்தைக் கீழ வை. வைச்சிட்டியா? இனிக் கேள்.

உன்ட துவக்கின்ட உடம்பில் லோங் பிராஞ்ச் எண்டும் 1943 எண்டும் வெட்டியிருக்கிறதைப் பாத்தன். அது இங்கிலாந்துச் சாமான் எண்டு நீ கூட்டாளிமாருக்குப் புளுகிறதும் காதில் விழுந்தது. மனே, அது உன்ட வீட்டுக்குப் பக்கத்தில் செய்தது. டொரண்டோவுக்கு மேற்கால, ஏரிக் கரையில, இப்ப மிசிசாகா எண்டு சொல்லுற இடத்தில் ஸ்மோல் ஆம்ஸ் லிமிட்டட் எண்டொரு தொழிற்சாலை இருந்தது. யுத்தம் முடியுமட்டும் 9 இலட்சத்துக்கு மேல், உன்டதைப் போல நாலாம் நம்பர் துவக்குகளைச் செய்து தள்ளினாங்கள். வேலை செய்ததில் பாதிக்கு மேல் பொம்பிளையள். அவங்கள் செய்த சாமான் எவ்வளவு காலம் நிண்டது தெரியுமா? கனடாவின்ட வடக்குப் பனிக்காட்டில் காவல் நிக்கிற ரேஞ்சர்மார் 1947 தொடக்கம் இந்தத் துவக்கைத்தான் காவித் திரிஞ்சாங்கள். 2018இலயிருந்துதான் அவங்களுக்குப் புதுசு குடுபட்டது. எழுபது வருசம் பனிக்குள்ள பிழைக்காத சாமான், உன்ட கையில வந்து ஒரு கிழமைக்குள்ள பிழைச்சுப் போச்சுதெண்டா, பிழை எங்க எண்டு நானா சொல்லவேணும்?

எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டு உன்ட பெண்சாதி கேட்டாவாம். இளந்தாரி வயசில் பொலிஸ் ஆயுத அறையில் எண்ணெய்த் துணியோட நிண்டு சம்பளம் எடுத்தவன் நான். அங்க கிடந்தது இதுக்கு மூத்த வகை, முதலாம் நம்பர். 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரன் எங்கட மட்டக்களப்புக் கடலுக்கு நேரா ஹேர்மிஸ் கப்பலைத் தாட்டானே, அந்தக் காலத்துச் சாமான். கப்பல் இன்னமும் அடியில கிடக்கு, வெள்ளைக்காரர் காசு கட்டிச் சுழியோடிப் பாக்கிறாங்கள். துவக்குகள் மட்டும் அதுக்குப் பிறகும் கன காலம் உழைச்சுது.

இப்ப நீ விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு சங்கதி. இந்தத் துவக்குக்கு மகசினைக் கழட்டிக் கழட்டி மாத்துற பழக்கமே இல்ல. அது சினிமாக்காரன் பழக்கம். இவனுக்குப் பத்துத் தோட்டா கொள்ளுற மகசின் ஒண்டு. அது துவக்கிலேயே கிடக்கும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, மேலால ஐஞ்சு ஐஞ்சாச் சார்ஜர் கிளிப்பில வைச்சுப் பெருவிரலால அமத்தினாச் சரி. ஆகப் பழைய வகையில மகசின் துலைஞ்சு போகாமச் சின்னச் சங்கிலியே போட்டிருந்தாங்கள். பட்டறையில் ஒவ்வொரு மகசினையும் அந்தந்தத் துவக்கில போட்டுப் பாத்து, உதட்டை நெளிச்சுச் சரிக்கட்டித்தான் வெளியால விடுறது. அதனால நாலாம் நம்பரின்ட மகசின் இன்னொரு நாலாம் நம்பருக்கே சில வேளை ஒத்துவராது. முதலாம் நம்பரின்டது உன்டதுக்குச் சரிவராது. 1962 சீனச் சண்டைக்குப் பிறகு இந்தியாவில இசாப்பூர் தொழிற்சாலை 7.62 தோட்டாவுக்கு ஒண்டு செய்தது, பாத்தா முதலாம் நம்பரைப் போலவே இருக்கும். அதின்ட சதுர மகசினையும் மலிவெண்டு வாங்கிப்போடாத. உனக்கு மலிவெண்டாக் கண் தெரியாது.

எங்கட பக்கம் கலியாணம் முடிச்ச மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வாறவன். வீட்டுக் கதவு பதிவு எண்டா அவன்தான் குனிஞ்சு நுழையவேணும். வந்த மறுநாள் வாசல்நிலையை வெட்டப் போனான் எண்டா மாமிக்காரி விறகுக் கட்டையோட நிப்பா. நீ வாங்கின புது மகசினும் அப்பிடி வந்த மாப்பிள்ளைதான். அராவுறதெண்டா மகசினை அராவு; துவக்கில கை வைச்சியோ, மறுகா நல்ல மகசின் வந்தாலும் அதில நிக்காது. மகசின் கடையில கிடைக்கும், 1943 கடையில கிடைக்காது.

செய்யிற முறை சொல்லுறன். உயிர்த்தோட்டா எல்லாத்தையும் வேற அறையில வைச்சுப் பூட்டு. டம்மித் தோட்டா கடையில விக்கிறாங்கள். அதில பத்து வாங்கு. காசைப் பாக்காத, விரல் அதைவிட விலை. மேசையில உயிர்த்தோட்டாவை வைச்சுப் போல்ட் அடிச்சுப் பாக்கிறவனுக்கு நான் புத்தி சொல்லுறதில்ல, அவன்ட வீட்டாருக்குத்தான் அனுதாபம் சொல்லுறது.

முதல்ல துவக்கோட வந்த பழைய மகசினைப் போட்டுப் பார். துரு எண்டு அலுமாரிக்குள்ள எறிஞ்சிருக்கிறாயே, அதைத்தான். அது ஒழுங்கா ஊட்டிச்சுதெண்டா துவக்கில குற்றமில்ல. ஊட்டல்ல எண்டா, புது மகசினை ஏசாமத் துவக்கைக் கொண்டுபோய்த் தெரிஞ்சவனிட்டக் காட்டு. இந்த ஒரு சோதினையைச் செய்யாமத்தான் நீ வீடியோ எடுத்திருக்கிறாய்.

அடுத்தது உயரம். போல்ட் தோட்டாவுக்கு மேலால வழுக்கிப் போகுதெண்டா அனேகமா மகசின் பதிஞ்சு தொங்குது. கீழ கையைக் குடுத்து மகசினை மேல தள்ளிப் பிடிச்சுக்கொண்டு போல்ட்டை மெல்லத் தள்ளு. இப்ப டம்மி ஏறுதா? அப்ப வருத்தம் பிடிபட்டுது. மகசினின்ட முதுகில ஒரு மேடு இருக்கு, கொளுவியின்ட பல்லு அதுக்குக் கீழ வந்து தாங்குறது. மேட்டின்ட அடி கீழுக்கு வந்திருந்தாப் பல்லு பிடிக்காது. மகசின் காலடியில விழும். அதை மெல்லிய அரத்தால ரெண்டு இழுவை இழுத்துப் போட்டுப் பாக்கலாம். ஆனா பிடிச்சும் பதிஞ்சு தொங்குதெண்டா அந்த மேட்டில இரும்பு காணாது. அரத்தால இரும்பைக் கூட்ட ஏலாது. வெல்டிங் வைக்கவேணும். அந்தச் செலவுக்கு இன்னொரு மகசின் வாங்கலாம். பெட்டியில போட்டு வித்தவனுக்கே திருப்பி அனுப்பு. நான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தன், உன்டது ஒருக்காத் தொங்குது, ஒருக்கா விழுது. ரெண்டு குணமும் ஒரு ஆளில இருக்கிறதெண்டா அந்த மேடு கோணல் எண்டுதான் அர்த்தம்.

உதட்டுக் கதை நுணுக்கம். மேல தோட்டாவைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற அந்தத் தகடு விரிஞ்சு போனாத் தோட்டா தவளை மாதிரித் துள்ளி வெளியால வரும். இறுகிப் போனாப் போல்ட் தள்ள முழங்கைப் பலம் வேணும். வெளியில செய்யிற மலிவு மகசினுகளில தகடு மெலிசு, இரும்பு மெதுமை. இண்டைக்கு நெளிச்சா நாளைக்குத் தன்ட பாட்டுக்குப் பழைய நிலைக்குப் போகும். பல்லில்லாத குறடு எடு, தகட்டுக்கு மேல தோல்துண்டு வை, நெளிக்க முன்னம் வேனியரால அளந்து கொப்பியில எழுது. மயிரளவு நெளி, டம்மி போட்டுப் பார். தோட்டா இடப்பக்கம் ஒண்டு வலப்பக்கம் ஒண்டாத்தான் ஏறும். எந்தப் பக்கத்துத் தோட்டா சிக்குதோ அந்தப் பக்கத்து உதட்டை மட்டும் தொடு. ரெண்டையும் ஒரேயடியா நெளிச்சவன் எதைக் கெடுத்தன் எண்டு தெரியாமத் தலையில கை வைச்சுக்கொண்டு நிண்டதைக் கண்ணால கண்டிருக்கிறன்.

தோட்டா மூக்கைக் கீழ குத்துதெண்டாத் தோட்டா குந்துற தட்டையும் ஸ்பிரிங்கையும் பார். தட்டின்ட பின்பக்கத்தை விரலால அமத்து, முன்பக்கம் எழும்பி வெளியால வரும். ஸ்பிரிங் தலைகீழாப் போட்டிருக்கா, முன்பக்கம் சோர்ந்திருக்கா, தட்டு உள்சுவரில உரசுதா எண்டு பார். புதுச் சாமானில உள்ளுக்குப் பெயின்ற் திரண்டு கிடக்கும். அதைச் சுரண்டினாலே பாதி வருத்தம் போயிடும்.

இனி உன்ட கைப்பிழை. திரீ நோட் திரீத் தோட்டாவின்ட குண்டியில விளிம்பு வெளியால நீட்டிக்கொண்டு இருக்கும். மேல வைக்கிற தோட்டாவின்ட விளிம்பு கீழ கிடக்கிறதின்ட விளிம்புக்கு முன்னால நிக்கவேணும். பின்னால நிண்டாப் போல்ட் தள்ளக்க மேலது கீழதையும் சேத்து இழுத்துக்கொண்டு கிளம்பும். ரெண்டும் கொளுவி நிக்கும். வீடியோவை நிப்பாட்டிப் பெருசாக்கிப் பாத்தன். மூண்டாவது தோட்டாவின்ட விளிம்பு பின்னால கிடக்கு. பத்தாம் வகுப்புக் கணக்கிலயும் உனக்கு மூண்டாவது படியிலதான் பிழைக்கும். ஒவ்வொண்டையும் மேலால அமத்திப் பின்னுக்குத் தள்ளு, அடுத்ததை வைக்கக்க விளிம்பு முன்னால இறங்குதா எண்டு கண்ணால பார்.

பழைய ஆமித் தோட்டா மலிவா வருதெண்டு வாங்கிச் சுட்டியெண்டா, அண்டைக்குப் பின்னேரமே குழாய்க்குள்ள சுடுதண்ணி ஊத்திக் கழுவி, காயவைச்சு, எண்ணெய் போடு. அந்தக் காலத்துக் கேப்பில இருக்கிற உப்பு குழாயைத் தின்னும். வெறும் எண்ணெய் துடைச்சா உப்புப் போகாது. உப்புக் காத்தில இரும்பு என்ன பாடுபடும் எண்டு கல்லடிப் பாலத்தடியில கண்ட உனக்கு நான் சொல்லத் தேவையில்ல.

மட்டக்களப்புக் கோட்டைக்குப் போன நேரம் அங்க கிடக்கிற பழைய பீரங்கியளைப் பாத்திருப்பாய். அதுக்கு மகசினுமில்ல, ஸ்பிரிங்குமில்ல, உதடுமில்ல, எந்த நாளும் சிக்கினதுமில்ல. உன்ட கைக்கு அதுதான் தோது. ஆனா காவிக்கொண்டு மானுக்குப் பின்னால ஓட ஏலாது.

என்ட தீர்ப்பு இதுதான். புதுசைத் திருப்பி அனுப்பு. அலுமாரிக்குள்ள கிடக்கிற பழசை எடுத்து, மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, மெல்லிய இரும்புப் பஞ்சால துருவைத் துடை. ஸ்பிரிங் சோர்ந்திருந்தா ஸ்பிரிங் மட்டும் வாங்கு. இன்னொண்டு வேணுமெண்டா யுத்தகாலத்து அசல் மகசின் தேடு, விலை கூடத்தான், குடுத்து வாங்கு. மானுக்குப் பத்துத் தோட்டாவே மிச்சம். முதல் வெடியோட அது கண்காணாத தூரத்துக்கே போயிருக்கும்.

இன்னுமொண்டு. ஆவணியில தேருக்கு வாறன் எண்டாய். வரக்க பையைக் கொட்டி, ஒவ்வொரு மூலையும் தடவிப் பாத்திட்டு வா. இஞ்ச 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இன்னமும் உயிரோட இருக்கு, லைசன்ஸ் இல்லாமத் தோட்டா வைச்சிருந்தாலே உள்ளுக்குத்தான். விளையாட்டுக்கு ஒரு டம்மித் தோட்டாவோ வெறும் மகசினோ உடுப்புக்குள்ள கிடந்து கட்டுநாயக்காவில ஆப்பிட்டியெண்டா, படுவான்கரை ஆள், கனடாவிலயிருந்து வாறவன், பையில மகசின். நீ விளக்கம் சொல்லி முடிக்கத் தேர் இருப்புக்குப் போயிடும். எனக்கெண்டு ஏதும் கொண்டுவாறதெண்டா நல்ல குறடு ஒண்டு கொண்டுவா, பல்லில்லாதது.