அஞ்சாம் நம்பர் தட்டு

கோலார் தங்கவயலில் தங்கம் எடுத்தவர்களைவிடக் கத்திச் சண்டை விமர்சகர்கள் அதிகம். தங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றுபோனது. சுரங்கத்தை மூட முடிந்த அரசாங்கத்தால் இவர்கள் வாயை மூட முடியவில்லை. விமர்சனம் இன்றைக்கும் மூன்று ஷிப்டும் நடக்கிறது.

கத்திச் சண்டை என்றதும் பேட்டை ரவுடி சமாசாரம் என்று வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். மூன்றடி நீளம் இருந்தாலும், எம்.ஜி.ஆர். கையில் இருக்கிறவரை எங்களுக்கு அது கத்திதான். வாள் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருவது. 'மர்மயோகி', 'மதுரை வீரன்', 'நாடோடி மன்னன்' எல்லாவற்றையும் ஷிப்டுக்கு ஏற்றபடி காட்சி பிரித்துப் பார்த்த ஊர் இது. பகல் ஷிப்ட் ஆள் இரவில் பார்த்த சண்டையை, மறுநாள் கேஜ் பூமிக்குள் இறங்கி முடிப்பதற்குள் நடித்தே காட்டிவிடுவார்.

இதற்கென்று ஒரு பாஷையே இருந்தது. தடுத்தால் 'தட்டு'. எதிராளியின் கத்தியை வளைத்துப் பறக்கவிட்டால் 'சுழட்டு'. அரண்மனைப் படியில் ஏறியும் இறங்கியும் போட்டால் 'படிச் சண்டை'. கீழே விழுந்த வில்லனின் கத்தியை எடுத்து அவனிடமே வீசிவிட்டு, ஒரு சிரிப்பும் சிரித்தால் அதற்குப் பெயர் 'வாத்தியார் தட்டு'. அடி விழுந்ததை ஒப்புக்கொள்ள 'பட்டுச்சி' என்றும் ஒரு சொல் உண்டு. சொல் இருந்ததே தவிர, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்களில் அடிபட்டவரே பெருந்தன்மையாக 'தூஷே' என்று அறிவித்துவிடுவாராம். எங்கள் குடியிருப்பு லைனில் முழங்கையில் ரத்தம் ஒழுகும்போதும் 'படலே, படலே' என்றுதான் கத்துவோம்.

ஆயுதம் மூங்கில் பிளாச்சு. பால்பவுடர் டப்பா மூடியின் நடுவில் ஆணியடித்துத் துளையைப் பெரிதாக்கி, பிளாச்சை நுழைத்து, பழைய சைக்கிள் டியூபை ரிப்பனாக நறுக்கிப் பிடியில் இறுக்கிச் சுற்றினால் கைக்காப்புடன் உடைவாள் ரெடி. எதிராளியை அது வெட்டியதில்லை. மூடியின் விளிம்பு நம் கட்டைவிரலை வெட்டும். போர்க்களம் சைனைட் மேடு. பாறையைப் பொடித்து, தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு கம்பெனி கொட்டிவைத்த மண் மலை. உருண்டு புரண்டு வீடு திரும்பினால் தலை முதல் கால் வரை சாம்பல் பூத்திருக்கும். போருக்குப் போனதற்கு அதுதான் சாட்சி. அம்மா கையால் உதை வாங்கவும் அதுவே சாட்சி.

இப்படிப்பட்ட ஊரில் 2021 ஜூலை 26 விடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி. ஒலிம்பிக் வாள்வீச்சுக்கு இந்தியாவிலிருந்து போன முதல் ஆள். பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில்தான் பழகினாராம். அதைக் கேட்டதும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்து ரிட்டையரான எங்கள் பெரியப்பா, "நம்ம பொண்ணுடா" என்று டி.வி. முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

துனிசியாவின் நாடியா பென் அசிசி எதிரே நின்றார். நடுவர் ஏதோ சொன்னார். விளக்கு எரிந்தது. ஒரு பாயிண்ட்.

"இன்னாடா இது, ரெண்டு பேரும் இன்னும் பேசவே இல்லியே!"

பெரியப்பாவின் சட்டத்தில் கத்திச் சண்டை பேச்சில்தான் தொடங்கும். குலம், தாய்ப்பால், நாட்டு மக்கள் என்று வரிசையாக வந்து, பி.எஸ். வீரப்பா சிரித்து முடித்த பிறகே கத்தி உறையை விட்டு வெளியே வரும். இங்கே முகமூடிக்குள் யார் சிரித்தாலும் தெரியாது. 15-3 என்று பவானி ஜெயித்தபோது ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. "ஆறு நிமிஷத்துல நம்பியார் கையப் பெசஞ்சே முடிச்சிருக்க மாட்டாரு" என்று வருத்தப்பட்டார்.

அடுத்த ஆட்டத்துக்குள் விதிகளைச் சொல்லிவிடலாம் என்று நான் துணிந்தேன்.

"களம் நீளம் பதினாலு மீட்டர், அகலம் ஒன்றரையிலிருந்து ரெண்டு மீட்டர், பெரியப்பா."

"படி?"

"கிடையாது."

"தொங்குற வெளக்கு?"

"கிடையாது. பின்னால போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டினா எதிராளிக்குப் பாயிண்ட்."

"அப்ப தலைவரு மொத சீன்லயே அவுட்டு."

வாள்வீச்சில் பவானி ஆடும் பிரிவு சேபர். இடுப்புக்கு மேலே, தலை, மணிக்கட்டு வரை கை உட்பட எங்கே பட்டாலும் கணக்கு, குத்தலாம், வெட்டலாம். இரண்டு பேர் விளக்கும் ஒன்றாக எரிந்தால், முதலில் தாக்கப் புறப்பட்டவருக்கே பாயிண்ட். நடுவில் தடுத்துவிட்டால் அந்த உரிமை தடுத்தவருக்கு மாறும். இந்த விதிதான் பெரியப்பாவுக்குச் செரிக்கவில்லை. மூன்று அடி வாங்கிய பிறகே கை ஓங்கும் கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்த மனிதர்! "மொதல்ல அடிக்கிறவன் வில்லன்டா. அவனுக்குப் போயி மார்க்கா?"

பிரெஞ்சு வார்த்தைகளுக்கு மட்டும் அவர் அசரவில்லை. 1913-ல் பாரிஸில் தொடங்கிய உலக சம்மேளனம் பிரெஞ்சையே பிடித்துக்கொண்டதால், சீனாக்காரரும் துனிசியாக்காரரும் மோதினாலும் நடுவர் சொல்வது 'ஆன் கார்ட், ப்ரே, அலே'தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து ஷாஃப்ட், கேஜ், ஸ்கிப், ஸ்டோப் என்று வந்ததையெல்லாம் மென்று விழுங்கிய ஊருக்கு இது ஒரு கவளம்.

தடுப்புகளுக்கு நம்பர் உண்டு என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மொத்தம் எட்டு; எல்லாம் ப்ரீம், செகோந்த் என்று பழைய பாணி எண்ணுப் பெயர்கள். சேபரில் முக்கியமாகப் புழங்குவது மூன்று, நான்கு, ஐந்து. கத்தி பிடித்த கைப்பக்கம் காப்பது மூன்று, மறுபக்கம் மார்பைக் காப்பது நான்கு, தலைக்கு மேல் குறுக்கே பிடிப்பது ஐந்து. ஆயுள் முழுக்க லெவல் நம்பர் சொல்லிப் பூமிக்குள் இறங்கியவருக்கு இது போதாதா? இரண்டாவது ஆட்டத்தில் பிரான்ஸின் மனோன் ப்ரூனே வந்து நின்றதிலிருந்து தெருவே கேட்கும்படி ஒரே கூச்சல்: "அஞ்சு போடு! அஞ்சு போடும்மா!"

7-15 என்று ஆட்டம் போய்விட்டது. ப்ரூனே பிறகு அங்கே வெண்கலம் வென்றார். பவானி 2023-ல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். அதிலும் இந்தியாவுக்கு அவரே முதல். இரண்டு செய்தியையும் சொன்னேன். பெரியப்பாவின் தீர்ப்பு மாறவில்லை: அன்றைக்கு அஞ்சு போட்டிருக்க வேண்டும்.

வாளுக்கும் எங்கள் ஊருக்கும் சினிமாவைத் தாண்டி உறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டை எங்கள் பக்கத்து ஊர். அவர் மகன் திப்புவின் வாள் ஒன்று, பிடியில் தங்க வேலைப்பாட்டோடு, 2023-ல் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. தங்கமும் லண்டனுக்கு, கத்தியும் லண்டனுக்கு. எங்களிடம் மிஞ்சியது வர்ணனை.

ஆகவே டி.வி.க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக்குத் தமிழ் வர்ணனையாளர் தேவைப்பட்டால் பெங்களூரில் ரயில் ஏறி மாரிகுப்பத்தில் இறங்குங்கள். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. சம்பளம் பற்றிக் கவலை வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும். ஆட்ட நேரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டித் தர வேண்டியிருக்கும். ஆறு நிமிடத்தில் முடியும் சண்டைக்கு எங்கள் ஆட்கள் பழக்கப்பட்டவர்கள் இல்லை.