ஒயரை மாட்டுனயா சாமி?

வா சாமி, இப்படித் திண்ணையில உக்காரு. கம்ப்யூட்டரு புது கிராபிக்சு கார்டைக் காட்டமாட்டேங்குதுன்னு சோறு தண்ணி இல்லாம சுத்தறியாம், உன்ற அம்மிச்சி சொன்னா. ஊர்ல இத்தனை பேரு இருக்க என்னைத் தேடி வந்தே பாரு, அங்கதான் உன்ற படிப்பு நிக்குது. இஞ்சினீரிங் காலேஜ்ல சொல்லிக் குடுக்காததையா இந்தக் கெழவன் சொல்லிப்போடப் போறேன்? இருந்தாலும் காப்பி வர்ற வரைக்கும் பேசுவோம்.

மொதல்ல நீ பண்ணுன வீரத்தையெல்லாம் எண்ணிப் பாக்கலாம். விண்டோசை அழிச்சுட்டு மறுக்கா போட்டே. டிரைவருல புதுசு, பழசு, அதுக்கும் பழசுன்னு எறக்கிப் பாத்தே. டிவைஸ் மேனேஜரைத் தொறந்தா இன்டெல் யூஎச்டி 730 மட்டும் உக்காந்திருக்கு, ஆர்டிஎக்ஸ் 3060ன்னு ஒரு வரியே இல்ல. உடனே, "போர்டு போச்சு அப்பிச்சி, புதுசு வாங்கோணும்"ங்கறே. பலே! பொட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டி உள்ள எட்டிப் பாத்தியான்னு கேட்டா மட்டும் மோட்டுவளையைப் பாக்கறே. ரெண்டு ஸ்க்ரூ சாமி. வெரலாலயே கழட்டலாம்.

சரி, மானிட்டர் ஒயரு எங்க குத்தியிருக்கு? பொட்டிக்குப் பின்னால மேல, யுஎஸ்பி ஓட்டைகளோட ஒட்டி இருக்கற எச்டிஎம்ஐ போர்டோடது. அதுக்குக் கீழ தனியாப் படுத்தவாக்குல இருக்கறதுதான் கார்டோடது. கொள்ளைக் காசு குடுத்துக் கார்டு வாங்கிப்போட்டு, ஒயரைப் பழைய எடத்துலயே வுட்டுட்டா அது என்ன பண்ணும் பாவம்? உனக்கு இப்பப் படம் காட்டறது ஐ5 12400 சிப்புக்குள்ளயே இருக்கற சின்ன கிராபிக்சு. அதே சிப்பு பேருக்குக் கடைசியில 'எஃப்' இருந்திருந்தா அதுவும் இருக்காது. திரை கருப்பாக் கெடந்திருக்கும், நீயும் மொத நாளே ஒயரை மாத்திக் குத்தியிருப்பே. காசு சேத்திக் குடுத்து எஃப் இல்லாததை வாங்குனது உனக்கே வெனையாப் போச்சு பாரு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நெறைய போர்டுல, கார்டு இருக்கறது, விண்டோசுக்கு முன்னால முழிக்கற பயோசுக்குத் தெரிஞ்சா, சிப்புக்குள்ள இருக்கற கிராபிக்சைத் தானாவே அணைச்சுப்போடும். நீ செட்டிங்கு எதையுந் தொடாமயே போர்டு வழியாப் படம் வந்துக்கிட்டிருந்தா, பயோசு அந்தக் கார்டைப் பாக்கவே இல்லைன்னுதான் சந்தேகப்படோணும். பயோசு பாக்காததை விண்டோசு எங்க போயித் தேடும்? அப்ப ராத்திரி பூரா டிரைவர் எறக்குனது யாருக்கு, பக்கத்து வூட்டுக்கா? 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு ஒரு வரி வந்தாலோ, கார்டு பேரு வந்து மஞ்சள் முக்கோணத்தோட 'கோடு 43'ன்னு நின்னாலோ டிரைவரைச் சந்தேகப்படலாம். பேரே வராததுக்கு டிரைவர் போடறது வெட்டிச் சோலி.

இப்பக் கேக்கறேன், கார்டுக்குக் கரண்டு குடுத்தியா? "அதான் பொட்டிக்கே குடுத்தாச்சே அப்பிச்சி"ன்னு சொல்லாத, காப்பி பொறையேறிக்கும். கார்டு நிக்கற ஸ்லாட்டு அதிகபட்சம் 75 வாட்டுதான் குடுக்கும். ஜிடிஎக்ஸ் 1650ல பல கார்டு அதுலயே பொழச்சுக்கும். உன்ற 3060 கேக்கறது 170 வாட்டு. மிச்சத்துக்குத்தான் கார்டு தலையில எட்டு பின் சாக்கெட்டு வெச்சிருக்கான், அந்த வழியா 150 வாட்டு வரும். ஒறம்பரையைக் கூட்டியாந்து பந்தியில உக்கார வெச்சுட்டு எலை போடாம வுட்டா, மாமன்காரன் பேசுவானா?

உன்ற கார்டு ஒருவேளை பேசியுமிருக்கும். பல கார்டுக கரண்டு ஒயரு மாட்டலைன்னா, 'மெசினை அணைச்சுட்டு ஒயரை மாட்டுங்க'ன்னு திரையில இங்கிலீசுல எழுதியே காட்டும். ஆனா எழுதறது கார்டோட சொந்த ஓட்டை வழியா. நீ மானிட்டரை அங்க குத்துனாத்தானே படிக்கறதுக்கு! அது ஒரு பக்கம் எழுதிக்கிட்டே இருந்திருக்கு, நீ ஒரு பக்கம் விண்டோசை அழிச்சுக்கிட்டே இருந்திருக்கே. நல்ல பொருத்தம்.

பொட்டிக்குள்ள கரண்டைப் பிரிச்சுக் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸுல இருந்து வர்ற ஒயரு கொத்துல ஆறு பின்னும், பக்கத்துல ரெண்டு பின் துண்டு ஒண்ணும் தொங்கும் பாரு, அதுதான் கார்டுக்கு. ரெண்டையும் ஒட்டுக்காப் புடிச்சு, கொக்கி மாட்டற வரைக்கும் அழுத்தோணும். நாலு நாலாப் பிரியறது புராசஸருக்கு. அதைக் கார்டுல ஏத்தாத. பின்னு வடிவம் வேற, லேசுல போகாது. ஆனா நீ ஜிம்முக்குப் போற ஆளு, முக்கி ஏத்திப்போடுவே. ஏத்துனா பிளஸ்சும் மைனசும் மாறிப்போகும். கழட்டி மாட்டற எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா சிநேகிதன்கிட்ட ஒயரு கடன் வாங்காத. கார்டுப் பக்கம் ஒரே மாதிரி இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும், பொகை வந்தப்பறந்தான் தெரியும். 3060க்கு 550 வாட்டு எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்லி என்விடியாக்காரனே எழுதியிருக்கான். நீ வெச்சிருக்கறது கேபினெட்டோட ஓசியில வந்தது. அதுல 450ன்னு போட்டிருக்குங்கறே. அது ஸ்டிக்கரோட வாட்டு கண்ணு. கார்டுல பேன் சுத்துது, கலர் லைட்டு எரியுதுன்னும் சாட்சி சொல்லாத. லைட்டு எரியறதுக்குக் கார்டுக்கு அறிவு வேண்டியதில்ல.

இதெல்லாஞ் சரியா இருந்தா கார்டைக் கழட்டிக் குத்து. பிளக்கைப் புடுங்கிப்போட்டு, பவர் பட்டனை ஒருதடவை அழுத்து, உள்ள தங்குன கரண்டு எறங்கட்டும். கேபினெட்டு இரும்பைத் தொட்டுட்டுக் கையை உள்ள வுடு. ஸ்லாட்டோட கடைசியில சின்னப் பிளாஸ்டிக் கொக்கி ஒண்ணு கார்டைக் கவ்வியிருக்கும். அதை அழுத்தாம இழுத்தீன்னா கொக்கி உன்ற கையோட வந்துரும். கார்டோட தங்கக்கலரு பல்லுல அழுக்கிருந்தா பென்சில் ரப்பரால மெதுவாத் தேச்சுத் துடை. வாயில ஊதாத, எச்சி படும். புராசஸருக்குப் பக்கத்துல இருக்கற நீள ஸ்லாட்டுல குத்து. கீழ இருக்கறதும் அதே நீளந்தான், ஆனா பல போர்டுல உள்ள கால்வாசி லேன்தான் இருக்கும். 'டிக்'குன்னு சத்தம் வரோணும். ஸ்க்ரூவை முறுக்கறப்பத் தகடு கார்டோட வால் பக்கத்தைத் தூக்கி வுட்டிருக்கான்னு குனிஞ்சு பாரு. மயிரிழை தூக்குனாலும் போர்டு கார்டைக் கண்டுக்காது.

படிப்புக்குத்தான் வாங்குனேன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாம். எந்தப் பாடத்துல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் துப்பாக்கி சுடறாங்கன்னு நான் கேக்கல.

கழட்டிக் குத்தியும் கார்டு வரலைன்னா பயோசுக்குள்ள போயி, மொதல் டிஸ்ப்ளேவை பிசிஐஇன்னு மாத்து. அதுவும் ஆகலைன்னா சிஆர்2032ன்னு ஒரு காசு பேட்டரி இருக்கும், கரண்டைப் புடுங்கிப்போட்டு அதைக் கழட்டி, சித்த நேரம் வெச்சிருந்து மாட்டு, செட்டிங்கெல்லாம் புதுசாயிரும். கடைசியா, கார்டைத் தூக்கிட்டுப் போயி இன்னொருத்தன் கம்ப்யூட்டருல குத்திப் பாரு. அங்க ஓடுச்சுன்னா கார்டு நல்லது, உன்ற போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாரு. அங்கயும் ஓடலைன்னாத்தான் கார்டு போச்சுன்னு பேசோணும், அதுக்கு முன்னால இல்ல. பழசு வாங்கலாம்னு மட்டும் ரோசனை பண்ணாத. 2022 செப்டம்பருல, கார்டை வெச்சுக் காசு பண்ணுன எதீரியம் மைனிங் நின்னப்பறம், ராத்திரி பகலா ஒழைச்ச கார்டெல்லாம் தொடைச்சு மினுக்கிக்கிட்டு விலைக்கு வந்துச்சு. ஆர்எக்ஸ் 580 மாதிரி சிலதுல கார்டோட பயோசையே மாத்தி எழுதி வெச்சிருப்பான், டிரைவர் ஏத்துக்காம மல்லுக்கட்டும்.

உன்றது புதுசு, வாரண்டி பெரும்பாலும் மூணு வருசம் இருக்கும். கார்டு முதுகுல ஒட்டியிருக்கற சீரியல் நம்பர் ஸ்டிக்கரைச் சொரண்டிப்போடாத, பில்லைப் பத்தரமா வெச்சுக்க. அம்மிச்சி கண்ணுல மட்டும் அதைக் காட்டாத, வெலை அதுல பெருசாப் போட்டிருக்கும்.