பாடும் பூட்டும்

பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பத்துக்காரர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இன்று யாருடைய முறை, எந்த இடம் என்று முடிவாகிவிட்டால் அடுத்தவர் அங்கே வலை கட்டமாட்டார். இறால் கண்ணெதிரே துள்ளினாலும் சரி.

இதையே தொழிற்சாலையில் ‘லாக்-அவுட்’ என்கிறார்கள். எந்திரத்துக்குள் ஒருவர் கையை விட்டிருக்கும்போது சுவிட்சைப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்ள வேண்டும். தானியங்கி கன்வேயர் சென்சார் சொன்னதும் கிளம்பிவிடும். உள்ளே இருப்பது கையா, பெட்டியா என்று விசாரிக்காது. எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் குப்பத்துப் பையனிடம், “சாவி உன்கிட்ட இருக்கிறவரைக்கும் பாடு உன்னுதுப்பா” என்றால் போதும், பிடித்துக்கொள்வான். ஆனால் பயிற்சி என்றால் பதிவேட்டில் கையெழுத்து என்று நினைக்கும் மேற்பார்வையாளர்களுக்குப் பஞ்சமில்லையே!

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் எந்திரத்தில் கை வைப்பவர் இறுக்கமான உடுப்பு அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்றது. நாலைந்து பேர் போகும் படகு தொழிற்சாலை ஆகாது. அங்கே மோட்டார் பக்கத்தில் லுங்கி தாராளமாகப் பறக்கலாம். சட்டத்துக்கு நீச்சல் தெரியாது போலிருக்கிறது.