வாரும் ஐயா, பட்டணத்துச் சம்சாரி!

பேராண்டி, பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கண்ணாடிக் கட்டடத்துல பாக்குற வேலையை உதறிட்டு, கோவில்பட்டிப் பக்கம் நம்ம கரிசல்காட்டுல வெள்ளாமை பாக்க வரப் போறியாமே. உங்க ஆத்தா டீக்கடை வரைக்கும் வந்து கண்ணைக் கசக்கிட்டுப் போனா. நான்தான் தேத்துனேன். "அழாதே தாயி, பய நல்ல முடிவுதான் எடுத்திருக்கான். நம்ம ஊர்லயும் ஏமாறுறதுக்கு ஆள் இல்லாம ரொம்ப நாளாச்சு"ன்னு சொன்னேன்.

மெய்யாத்தான் சொல்றேன். நீ வாரேன்னு தெரிஞ்சதும் தெக்குக் காட்டுக்கு ஒரே ராத்திரியில விலை ஏறிப்போச்சு. சீமைக்கருவேலம் மண்டி, வெள்ளாடுகூட நுழையாமக் கெடக்கே, அதே காடுதான். தரகர் நூல் பிடிச்சுக்கிட்டுத் திரியுறாரு. "இயற்கை விவசாயத்துக்குன்னே பொறந்த நிலம், இருபது வருசமா உரமே பாக்கலை"ங்கிறாரு. அதுல பொய் ஒண்ணும் கிடையாது. உரம் என்ன, விதையே பாக்கலை.

நல்ல காத்து, நல்ல தண்ணி, நல்ல சாப்பாடுன்னு உங்க ஆத்தாகிட்ட மூணு காரணம் சொன்னியாம். காத்துக்கு நான் பொறுப்பு. ஆடி மாசம் மந்தையில நின்னு வாயைத் திற, பல்லுல மண் நறநறன்னு கடிபடும். தண்ணிக்குத் தாமிரபரணி பொறுப்பு. குழாய்ல அது வாரன்னைக்குக் குடத்தோட நிக்கணும். வராத அன்னைக்கு உங்க ஊர்ல விக்கிற அதே கேன் தண்ணியை இங்கயும் டெம்போவுல கொண்டாந்து விக்கிறான். சாப்பாட்டுக்கு நீ கம்பங்கூழைக் கேட்டியாம். அதைக் குடிக்கணும்னா கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, தள்ளுவண்டியிலதான் வாங்கிக் குடிக்கணும். இங்கன பொழுது சாஞ்சா வீட்டுக்கு வீடு புரோட்டா பார்சல்.

சரி, வெள்ளாமைக்கு வருவோம். புரட்டாசிப் பட்டத்துல உளுந்தோ பாசியோ மக்காச்சோளமோ போடுவே. போட்டதுக்கப்புறம் மழை பெய்யணும். பெய்யலேன்னா மறுவிதைப்பு. பெஞ்சா களை. களை வெட்ட ஆள் கேட்டா, "நூறு நாள் வேலை முடியட்டும், பாப்போம்"னு சொல்லுவாக. அதுல தப்பு ஒண்ணுமில்லை. உன்னைய மாதிரி அவுகளுக்கும் சம்பளம் எங்க ஒழுங்கா வருதோ அங்கதானே போகத் தோணும்?

பயிர் தலையெடுத்துட்டா அடுத்தவரு வருவாரு, காட்டுப்பன்னி. அவருக்கு நாங்க போட்டிருக்கிற வேலி என்ன தெரியுமா? பழைய சேலை. பொழியைச் சுத்திக் குச்சி ஊனி, பீரோவுல கெடந்த சேலை அத்தனையும் கொண்டுவந்து கட்டியிருக்கோம். மஞ்சள், ஊதா, ரோசு, முந்தியில சரிகை போட்டது, உங்க பாட்டி அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டுனதுகூட அதுல நிக்குது. ராத்திரி காத்துல அது அசைஞ்சா ஆள் நடமாட்டம்னு பன்னி பயந்துரும்ங்கிறது கணக்கு. முதல் வருசம் பயந்துச்சு. இப்ப தலையால சேலையை ஒதுக்கிட்டு, தாய்மாமன் பந்திக்கு வாரது மாதிரி குடும்பத்தோட உள்ள வருது.

பன்னி விட்டதைப் புழு தின்னும். 2018-ல மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துச்சு. அமெரிக்கா பக்கத்துப் புழுவாம். குருத்துக்குள்ள உக்காந்து தின்னுட்டு, மரத்தூள் கணக்கா எச்சத்தைத் தள்ளிட்டுப் போச்சு. உனக்கு அமெரிக்காவுல கிளையண்ட்டு, எங்களுக்கு அமெரிக்காவுல இருந்து புழு. ரெண்டுக்கும் ராத்திரிதான் சுறுசுறுப்பு.

உனக்குப் பங்குன்னு வாரதும் ரெண்டு ஏக்கர்தான். அதுக்கு வருத்தப்படாதே, மாநிலம் பூரா அதே கதைதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டு விவசாயி ஒருத்தர் கையில சராசரியா இருக்கிற நிலமே 0.75 ஹெக்டேருன்னு போட்டிருக்கான். ரெண்டு ஏக்கருக்கும் கம்மி. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்லி வச்சவன் எக்செல் படிச்சவன் இல்லை. நீ படிச்சவன், தயவுசெஞ்சு கணக்குப் போட்டுப் பாத்துராதே. அப்புறம் ராத்திரி தூக்கம் வராது.

இயற்கை விவசாயம் பேசுன நம்மாழ்வார் படத்தைச் சட்டையில போட்டிருக்கியாமே. பெரிய மனுசன். ஆனா அவரு கதையை முழுசாத் தெரிஞ்சுக்கோ. அவரு நம்ம கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையிலதான் 1963-ல வேலைக்குச் சேந்தாரு. மானாவாரிச் சம்சாரிக்கு இந்த ஆராய்ச்சியால பிரயோசனம் இல்லைன்னு கண்டு, 1969-ல விட்டுட்டுப் போனாரு. அவரு வேலையை விட்டது நிலத்தைப் பாத்து. நீ விடுறது மேனேஜரைப் பாத்து. சொல்லிட்டேன், கோவப்படாதே.

அடுத்து, அமைதியா இருக்கலாம்னியாம். அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து மூணு நாள் தங்கிப் பாரு. வேப்பமரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கர் சரியா உன் ஜன்னலைப் பாத்துத்தான் வாய் திறக்கும். அது ஓஞ்சா மனுச வாய் ஆரம்பிக்கும். அங்கன எதுத்த பிளாட்டுக்காரனுக்கு உன் பேரு தெரியாது, அது உனக்குக் குறை. இங்கன உன் வீட்டுல என்ன குழம்பு, நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு லைட்டை அமத்தினே, பேங்குல லோன் எவ்வளவு, எல்லாம் ஊருக்கே தெரியும். காச்சல்னு படுத்தா கஞ்சியோட நாலு பேரு வருவாக. அதே நாலு பேருதான் மறுநாள் டீக்கடையில உன் காச்சலுக்குக் காரணம் சொல்லுவாக. கஞ்சி மட்டும் வேணும், பேச்சு வேண்டாம்னு கேட்டா ஊரு ஒத்துக்கிடாது.

ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. கிராமம் சொர்க்கம்னு பேசுறவன் பட்டியலை எடுத்தா, அதுல எந்தத் தெருக்காரன் இருப்பான்? நம்ம ஊர்ல மேலத்தெரு இருக்கு, கீழத்தெரு இருக்கு, ஓடைக்கு அங்கிட்டு இன்னொரு தெரு இருக்கு. ஓடைக்கு அங்கிட்டு இருந்து பட்டணம் போன பயக யாரும் ஏங்கிக்கிட்டுத் திரும்பி வந்து நான் பாத்ததில்லை. பட்டணத்து டவுன் பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் "நீ யாரு மகன், எந்தத் தெரு?"ன்னு கேக்க மாட்டான். அந்த ஒரு நிம்மதிக்காகக் கொசுவையும் சாக்கடையையும் அவன் பொறுத்துக்கிட்டான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனா மட்டும் அங்கயும் சுத்தி வளைச்சுக் கேப்பானாம், அது வேற. காந்தி கிராமத்தைத் தூக்கி வச்சாரு. அம்பேத்கர் 1948 நவம்பர்ல, அரசியல் நிர்ணய சபையில எந்திரிச்சு, அந்தப் பெருமையைப் பொடிப்பொடியாக்கிட்டாரு. ரெண்டு பேரும் பாத்தது ஒரே கிராமத்தைத்தான். நின்ன தெருதான் வேற.

தெருவை விடு, வீட்டுக்குள்ள கேளு. கிராமத்துக்கே திரும்பிப் போயிரலாம்னு எந்தப் பொம்பளைப் பிள்ளையாவது சொல்லிக் கேட்டிருக்கியா? திண்ணையில உக்காந்து ஊர்ப்பெருமை பேசுறது நானு. அந்தத் திண்ணையை மெழுகிக் கோலம் போட்டு, டீயும் போட்டுக் கொண்டாந்து வச்சது உங்க பாட்டி. அவகிட்ட ஊரு எப்படின்னு கேட்டா, "கேஸ் வந்தப்புறம் பரவாயில்லை"ங்கிறா. காடு கரையோட விவசாயம் பாக்குற மாப்பிள்ளைன்னு ஜாதகம் கொண்டுபோனா, பொண்ணு வீட்டுக்காரன் தண்ணி மட்டும் குடுத்து அனுப்புறான். பொண்ணைப் பெத்த சம்சாரியே அப்படித்தான் அனுப்புறான்.

இதைக் கேட்டுட்டு, தாத்தா பட்டணத்துக்கு வக்காலத்து வாங்குறாருன்னு நினைச்சிராதே. பட்டணத்து லட்சணத்தையும் டீக்கடைத் தந்தியில தினம் படிக்கிறவன் நானு. 2015 டிசம்பர்ல, சென்னை வெள்ளத்துல, லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறவன் மொட்டை மாடியில நின்னு படகுக்குக் கைகாட்டுனான். ஏரிக்குள்ள வீட்டைக் கட்டிட்டு, ஏரி வீட்டுக்குள்ள வந்துருச்சேன்னு அழுதான். நாலு வருசம் கழிச்சு, 2019-ல அதே ஊருக்கு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி போச்சு. அம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். வாழை மரம் கட்டி, பூசை போட்டு அனுப்புனாக. எங்க கண்மாய் வத்துனா நாங்க ஊருக்கு நாலு குடம் கொறைச்சுக் குடிப்போம். எங்களுக்கு யாரும் ரயில் விடலை.

வீட்டுக்கு அட்வான்ஸ், புரோக்கருக்குக் கமிஷன், அப்புறம் ஆபீசுக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் போன்ல நீ என்ன பாக்குறே? மாடு மேய்க்கிறவன் வீடியோ. மாட்டுக்காரன் இங்கன மாட்டை விட்டுட்டு என்ன பாக்குறான்? மெரினாவுல நிக்கிறவன் வீடியோ.

விசயம் இதுதான் பேராண்டி. எந்த ஊரு சொர்க்கம்னு சண்டை போடுறவன் எல்லாம், அந்த ஊர்ல தனக்கு வேலை செய்ய இன்னொருத்தன் இருக்குற தைரியத்துலதான் பேசுறான். இங்கன டைல்ஸ் போட்ட வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்து "பட்டணமெல்லாம் ஒரு ஊரா"ன்னு கேக்குறவருக்கு, மாசம் அஞ்சாம் தேதி பெங்களூர்ல இருந்து மகன் ஜீபே போடுறான். அங்கன ஏசியில உக்காந்து "கிராமந்தான் வாழ்க்கை"ங்கிற உனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு பிரியாணி கொண்டாந்து தாரவன், போன வருசம் வரைக்கும் இங்கன உளுந்து விதைச்சவன். 1961-ல தமிழ்நாட்டுல நூத்துக்கு 27 பேரு நகரத்துல இருந்தாக. 2011-ல 48 பேரு. நடுவுல போனவன் எல்லாம் கிராமத்தை வெறுத்துப் போகலை. "கெட்டும் பட்டணம் சேர்"னு வயித்துக்கு வழி தேடிப் போனான். பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு அவனை யாரும் கேக்கலை. கேக்குற அளவுக்கு வசதி உனக்கு வந்திருக்கு. அதுக்கு முதல்ல சந்தோசப்பட்டுக்கோ.

ஊரை விட்டுட்டா ஊர்ப்பாசம் போயிருமேன்னும் பதறாதே. கரிசலைப் பத்தி கி.ரா.வுக்கு மிஞ்சி எழுதுன ஆளு உண்டா? இடைசெவல் சம்சாரி. 1989-ல புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுச்சு, போனாரு. 2021 மே மாசம் கண் மூடுற வரைக்கும் புதுச்சேரிதான். கடைசியில உடம்பைத்தான் இடைசெவலுக்குக் கொண்டாந்து, அரசு மரியாதையோட அடக்கம் பண்ணுனாக. கடலோரத்துல உக்காந்துக்கிட்டு அவரு கரிசலைப் பேச வச்சாரு. கரிசல்லயே உக்காந்திருக்கிற நான் என்ன கிழிச்சேன்? சீட்டு விளையாடுனேன்.

இவ்வளவு சொல்லியும் வருவேன்னுதான் நிப்பே. உங்க அப்பன் பிடிவாதம். வா, வேண்டாங்கலை. ஆனா பொங்கலுக்கு வந்து முடிவு பண்ணாதே. பொங்கலுக்கு எந்த ஊரும் அழகாத்தான் இருக்கும். சித்திரை வெயில்ல வா. கடைசிப் பஸ்ஸை விட்டுட்டு, விலக்குல இருந்து ஊருக்கு நடந்து வா. ரேஷன் கடையில கைரேகை விழாம மூணு தரம் திரும்பி வா. உங்க ஆத்தாவுக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சா பெரியாஸ்பத்திரி எத்தனை மைல்னு வண்டி எடுத்து ஓட்டிப் பாரு. காடு வாங்காதே, வேலையை விடாதே, லீவு போட்டுட்டு வந்து அடுத்தவன் காட்டை வாரத்துக்குப் பிடிச்சு ஒரே ஒரு போகம் பாரு. பன்னிக்கும் புழுவுக்கும் குடுத்தது போக வீட்டுக்கு ஒரு மூட்டை வந்து, அதுக்கப்புறமும் ஊரு பிடிச்சிருந்தா, தரகர்கிட்ட நானே உனக்காகப் பேசுறேன். தெக்குக் காட்டைப் பாதி விலைக்கு முடிச்சுத் தாரேன். அது நம்ம காடுதான், தெரியும்ல?

இன்னொரு விசயம். நீ வாரது உறுதின்னா, அங்கன காலி பண்ணுற ரூமை யாருக்கும் வாக்குக் குடுத்துராதே. நம்ம ஊர்ப் பயக மூணு பேரு பெட்டியைக் கட்டி வச்சிக்கிட்டு, "அண்ணன் எப்ப கிளம்புறாரு?"ன்னு தினம் என்னைய வந்து கேக்குறானுக.