இலாசர் எந்தத் தெரு?

தவக்காலம் வந்தால் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பக்திமான்களுக்கு வேலை அதிகம். தன் நோன்பைவிட, அடுத்த வீட்டுக் குழம்பில் கறி மணக்கிறதா என்று மோப்பம் பிடிப்பதே கடுந்தவம். இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரத்துக்கு, அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூர்.

ஞானஸ்நானம் ஒன்றுதான், சவ ஊர்வலப் பாதைதான் வேறு. தலித் கத்தோலிக்கர்கள் பொதுப்பாதை கேட்டார்கள், தனிப் பங்கும் கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் இரண்டுக்கும் மறுத்தார்கள். கூட வரவும் கூடாதாம், பிரிந்து போகவும் கூடாதாம்! 2008 மார்ச் 9இல் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலி.

அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. திருவழிபாட்டு நாள்காட்டிப்படி அன்றைய நற்செய்தி, இலாசர் கல்லறையிலிருந்து எழுந்து வந்த கதை. நல்லவேளை, அவர் பெத்தானியாக்காரர். எறையூரில் எழுந்திருந்தால், எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகப்போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டை அவிழ்த்திருப்பார்கள்.