சந்தா இல்லாத சங்கம்

கேள்வி: மனம் நொந்தவர்களைப் பேதம் பாராமல் சேர்த்துக்கொள்ளும் ஆன்மிகக் கூட்டம் நம் பக்கத்தில் உண்டா? (ஒரு வாசகர், திருநாவலூர்)

பதில்: வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்களே! உங்கள் ஊரில் பிறந்த சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத் தொகையைப் பாருங்கள். 60 தனியடியார், கூட்டமாகப் போற்றப்படும் 9 தொகையடியார். குயவர், மீனவர், வேடர், வண்ணார், பாணர், காரைக்கால் அம்மையார் எல்லாரும் ஒரே வரிசையில். ஆதிசைவ அந்தணரான சுந்தரர் இவர்கள் அனைவருக்கும் தன்னை அடியான் என்கிறார். இது தானாக வந்த பணிவு அல்ல. அடியார்களைக் கும்பிடாமல் நேரே சாமியிடம் போன சுந்தரரையும், அவரை ஆண்ட சிவனையும் சேர்த்தே விறன்மிண்டர் என்ற அடியார் தள்ளிவைத்தார் என்கிறது பெரியபுராணம். கடவுளையே ஒதுக்கிவைக்கத் துணிந்த சங்கம் வேறெங்கே இருக்கிறது? மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்த சுந்தரர், ஊர் ஊராகப் போய் இறைவனிடம் சண்டை பிடித்தே காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மறு கண்ணையும் பெற்றார். புலம்பாதே என்று யாரும் அவர் வாயை அடைக்கவில்லை.

எல்லாம் பாட்டோடு சரி, அந்தப் பட்டியலில் உள்ள ஒடுக்கப்பட்ட அடியாரான நந்தனார் தீயில் இறங்கித்தானே தில்லைக்குள் போக முடிந்தது என்பீர்கள். மறுக்க மாட்டேன். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அழைத்துச் சென்றவர் வைத்தியநாதய்யர். சுந்தரரின் பட்டியல் கோயில் கதவைத் திறக்கவில்லைதான். ஆனால் கதவைச் சாத்தியவர்களாலும் அதிலிருந்து நந்தனார் பெயரை எடுக்க முடியவில்லை. பூட்டிய பிராகாரத்துக்குள்ளேயே அந்த அடியார்கள் வரிசையில் அவர் சிலையாக நின்றார். தமிழ்நாட்டுக்கு அப்பால் உள்ளவர்களையும், இனி வரப்போகிறவர்களையும்கூடச் சுந்தரர் தொகையடியாரில் சேர்த்துவிட்டார் என்பது மரபான உரை. ஆகவே விண்ணப்பம் எழுதும் வேலை உங்களுக்கு மிச்சம்.