இரண்டு நாள் கேமரா வகுப்புக்குக் காசு கட்டலாமா: ஓர் ஆராய்ச்சி

சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் ஒளிப்படக் கலையைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்புக்கு ஐயாயிரம் ரூபாய் கட்டலாமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். ஐயாயிரம் என்பது கணக்குக்காகக் கொண்ட தொகை. கூடவும் குறையவும் வாங்குவார் உளர். ‘ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி’ என்பது விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தால் வியக்கற்க.

இப்பொருளில் இரு மரபுகள் உண்டு. முன்னது டாகேர் மரபு. 1839 ஆகஸ்ட் 19 அன்று பிரெஞ்சு அரசு டாகேர் கண்ட படமெடுக்கும் முறையை உலகுக்கு இலவசமாக வழங்கி, அவருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியமும் அளித்தது. படமெடுத்தல் கற்க வேண்டிய வித்தை என்பதும், கற்பவன் தலையில் செலவு விழாமல் அரசே பார்த்துக்கொண்டது என்பதும் இதனால் பெறப்படும். இங்கிலாந்துக்காரர் மட்டும் விலக்கு. ஐந்து நாள் முன்னதாகவே, டாகேர் சார்பில் அங்கே காப்புரிமை வாங்கியாயிற்று. பொடி எழுத்தின் தொன்மை இவ்வளவு.

பின்னது ஈஸ்ட்மன் மரபு. 1888இல் ஈஸ்ட்மன் கொண்டுவந்த கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டரில் இருந்த அவர் நிறுவனத்துக்கு அனுப்பி 10 டாலர் கட்டினால், படங்களைக் கழுவிப் பிரதி போட்டு, புதுச் சுருளும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். வாங்கியவரின் வேலை பொத்தானை அமுக்குவது. நம் வீட்டுப் பெரியோர் பெரும்பாலும் இம்மரபினர். “அதான் ஃபோன்லயே பளிச்சுனு வருதே, இதுக்கு எதுக்கு அஞ்சாயிரம்?” என்பது இவர்தம் சூத்திரம். இதை வாதிட்டு வென்றவர் எவருமிலர்.

இனி, வகுப்பில் நடப்பது என்னவென்று காண்போம். முதல் நாள் காலையில் அபெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்னும் மும்மை. துளை பெருத்தால் ஒளி கூடும், பின்னணி கலங்கும்; எண் மட்டும் சிறுத்துவிடும். எஃப் 1.8 பெருந்துளை, எஃப் 16 சிறுதுளை. பாதிப்பேர் டீக்கு முன்பும் மீதிப்பேர் டீக்குப் பின்பும் குழம்புவது இங்கேதான். ஆனால் இவ்வளவும் கேமராவோடு வரும் கையேட்டில் இருக்கிறது. பிலிம் காலத்தில் அட்டைப்பெட்டியின் உட்புறத்திலேயே அச்சிட்டு வந்தது: நல்ல வெயிலில் எஃப் 16, பிலிம் வேகம் 100 என்றால் ஷட்டர் ஏறக்குறைய நூறில் ஒரு நொடி. சென்னை வெயிலுக்கு இந்த ஒரு வரியே பல மாதம் தாங்கும். ஆதலின் சனிக்கிழமை முற்பகலின் பெறுமானம் சுழியம் என்க.

அற்றேல், ஐயாயிரம் எதற்கு? ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்குக் கூட்டிப் போவதற்கு என்பாரும் உளர். அங்கே மீன் ஏலம் களைகட்டியிருக்கும். ஐஸ் உருகிக் காலடியில் சேறாகியிருக்கும். ஒரே வலைக்குவியலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் கேமராவும் கையுமாய்க் குந்தியிருப்பர். வஞ்சிரக் கூடைக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா, “வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நவுரு கண்ணு, யாவாரம் கெடுது” என்பார். அன்று நிகழும் விமர்சனங்களுள் இதுவே முதல், இலவசமும்கூட. காசிமேட்டுக்கு அவரவரே போகலாம். அலாரம் வைத்து எழுந்தால் போதும். ஆனால் எழமாட்டோம், கட்டிய காசுதான் எழுப்பும். ஆகவே இதற்கு ஓர் ஐந்நூறு தரலாம்.

மிச்சப் பணத்தை நியாயப்படுத்துவது ஞாயிறு மாலை ஒன்றே. அப்போது எல்லார் படத்தையும் திரையில் போட்டு ஆசிரியர் பேசுவார். “அந்தம்மா தலைல லைட் கம்பம் முளைச்சிருக்கு பாருங்க.” “கடல் இப்படிச் சரிஞ்சா தண்ணி ராயபுரத்துல கொட்டிடும்.” “இதுல எதைப் பாக்கச் சொல்றீங்க?” இந்தக் கடைசிக் கேள்வியில் பலர் வாயடைத்துப்போவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இக்கேள்வி எழுவதே இல்லை. அங்கே ‘சூப்பர் சித்தப்பா’வும் கட்டைவிரலும்தான். உறவு கெடாமல் உண்மை சொல்ல அந்நியர் ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும்.

எனவே பின்வரும் வாய்பாடு வகுக்கப்படுகிறது: கட்டணத்தை, உங்கள் படத்துக்கு முன் ஆசிரியர் நிற்கும் நிமிடங்களால் வகுக்க. இரண்டு மணி நேர அமர்வு, முப்பது பேர் எனில் தலைக்கு நான்கு நிமிடம். நிமிடம் 1,250 ரூபாய். எட்டே பேர் எனில் பதினைந்து நிமிடம். நிமிடம் 333 ரூபாய்ச் சொச்சம். முன்னதில் சேர்வதினும் அக்காசைப் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றில் போடுவது அறிவுடைமை. பின்னதில் தயங்காமல் சேர்க. அமர்வே இல்லாத வகுப்பில் பகுதி சுழியமாகிவிடும். சுழியத்தால் வகுக்கக் கணிதம் இடங்கொடாது, நானும் கொடேன்.

வாய்பாட்டைப் பயன்படுத்த எத்தனை பேர் என்பது தெரிய வேண்டும். இதைத் தொலைபேசியில் கேட்டால் வரும் விடை பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

“லிமிட்டெட் சீட்ஸ்தான் சார்.”

“லிமிட் எவ்வளவு?”

“அது எவ்வளவு பேர் வந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார். லஞ்ச் உண்டு.”

லஞ்சைத் தொகுதியிலிருந்து கழிப்பதா, பகுதியில் கூட்டுவதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆசிரியர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த நிமிடங்களைப் பகுதியில் கூட்டலாம் என்பது என் துணிபு. தனியறையில் சாப்பிட்டால், பிரியாணியாக இருந்தால் மட்டும் தொகுதியிலிருந்து 200 ரூபாய் கழிக்க.